சோழர் வீழ்ந்தனர், பாண்டியர் எழுந்தனர்: பாடம் யாருக்கு?

(உதகை காந்தலில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். ரோமாபுரியைப் பற்றிப் பேசலாம். பாரசீகத்தைப் பற்றிப் பேசலாம். பாக்தாதைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலிலேயே நடந்த வரலாறு ஒன்று இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கொடிகட்டிப் பறந்த சோழப் பேரரசு எப்படி விழுந்தது? அந்த இடத்தில் பாண்டியப் பேரரசு எப்படி எழுந்தது? எழுந்த அந்தப் பேரரசு முப்பத்திரண்டே ஆண்டுகளில் ஏன் ஆட்டம் கண்டது? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

ஏன் இந்த வரலாறு? காரணம் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் எப்போது இந்த மண்ணுக்கு வந்தீர்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவரே பதிலையும் சொல்லிவிடுகிறார்: "1311-ல் மாலிக் காஃபூரின் குதிரைப் படையோடு வந்தவர்கள் நீங்கள்!" நம் பிள்ளை என்ன செய்கிறான்? ஒன்று, தலையைக் குனிந்து கொள்கிறான். அல்லது, "ஆமாம், நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று மார் தட்டுகிறான். குனிவதும் தவறு, தட்டுவதும் தவறு. இரண்டுமே வரலாறு தெரியாமல் செய்வது. 1311-ல் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளைத் தெரிந்து கொள்ள வேண்டும். வாருங்கள், நம் மலையிலிருந்தே தொடங்குவோம்.

நம் மலையின் பெயர் வந்த கல்வெட்டு

இந்தக் காந்தலைச் சுற்றியுள்ள மலைகளில் மந்து அமைத்து, எருமை வளர்த்து வாழ்பவர்கள் தோடர்கள். அவர்களுடைய பெயரும் நீலமலையின் பெயரும் எழுத்தில் பதிவான மிகப் பழைய ஆவணம் எது தெரியுமா? கி.பி. 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. கர்நாடகத்தில் சாமராஜநகரில் இருக்கிறது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன், தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றிய செய்தியை அது சொல்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1116-ல், அதே விஷ்ணுவர்தனன் மைசூருக்குக் கிழக்கே காவிரிக்கரையில் உள்ள தலக்காட்டைச் சோழர்களிடமிருந்து பறித்துக்கொண்டான். "தலக்காடு கொண்டவன்" என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து நூறாண்டுக்கு மேல் சோழர் கையில் இருந்த கங்க நாடு அன்று போனது.

அதாவது சகோதரர்களே, நம் மலையின் பெயர் வரலாற்றில் முதன்முதலாக எழுதப்பட்டதே, சோழப் பேரரசின் வடமேற்கு எல்லை சரிந்த அந்த நாட்களில்தான். ஆகவே சோழரின் வீழ்ச்சி நமக்கு எங்கோ தஞ்சாவூரில் நடந்த கதை அல்ல. அதன் முதல் விரிசல்களில் ஒன்று இந்த மலைச் சாரலில் விழுந்தது.

உச்சியில் இருந்த நாட்கள்

விழுந்ததன் அளவு தெரிய வேண்டுமானால், நின்றதன் உயரம் தெரிய வேண்டும். கி.பி. 850-ஐ ஒட்டி விசயாலயன் தஞ்சையைப் பிடித்தான். 985-ல் முதலாம் இராசராசன் அரியணை ஏறினான். அவன் மகன் இராசேந்திரனின் படை கங்கை வரை சென்றது. 1025-ல் அவன் கடற்படை கடல் கடந்து சுமத்ரா, மலேயா பகுதிகளில் பரவியிருந்த ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் 1077-ல் சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக் குழுவை அனுப்பினான். எதற்கு? வணிகத்துக்கு! அவனுக்கு மக்கள் வைத்த பெயர் என்ன? "சுங்கம் தவிர்த்த சோழன்." வணிகப் பெருமக்களே, சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திக் காத்திருந்த அனுபவம் உள்ள உங்களுக்கு இந்தப் பெயரின் அருமை விளங்கும்.

அந்தப் பேரரசில் முஸ்லிம்கள் எங்கே இருந்தார்கள்? சோழர் எழுவதற்கு முன்பே இருந்தார்கள். திருச்சி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள கல் பள்ளிவாசலின் அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734-ஐக் குறிக்கிறது. 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்ற மேற்காசிய வணிகர் குழுவின் பெயர் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபு கூஃபி எழுத்தில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோனகன் சாவூர் பரஞ்சோதி என்ற பெயர் வருகிறது. அரபு நாட்டிலிருந்து வந்தவர்களைத் தமிழர் அழைத்த பெயர்தான் சோனகர்.

1311 எங்கே, 734 எங்கே? கணக்குப் போட்டுப் பாருங்கள். 577 ஆண்டுகள்!

விரிசல் உள்ளிருந்து வந்தது

இவ்வளவு பெரிய பேரரசு ஏன் விழுந்தது? பகைவர் வலுத்ததால் என்று ஒரே வரியில் பாடப் புத்தகம் சொல்லிவிடும். பகைவர் எப்போதும்தான் இருந்தார்கள். இராசராசன் காலத்தில் சாளுக்கியர் இல்லையா? இலங்கை மன்னர் இல்லையா? பகைவர் இருந்தும் அன்று நின்ற அரசு, பின்னாளில் ஏன் நிற்கவில்லை? கேள்வி அதுதான்.

முதல் காரணம், கைகள் விலகின. 1070-ல் இலங்கையில் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டான். 1116-ல் கங்க நாடு போனது. அடுத்த சில ஆண்டுகளில் கிருஷ்ணா–கோதாவரிப் பகுதியான வேங்கி நாடும் போனது. எல்லை சுருங்கச் சுருங்க, மன்னன் உள்நாட்டுச் சிற்றரசர்களை மேலும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று. சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணகோவரையர் என்று பல குடும்பங்கள். இவர்கள் எல்லோரும் சோழரின் படையிலும் நிர்வாகத்திலும் இருந்து வளர்ந்தவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். "உன் பகைவன் என் பகைவன், எனக்கு ஆபத்து வந்தால் நீ வர வேண்டும்" என்ற வகையான ஒப்பந்தங்கள். அவை கல்வெட்டாகவே இன்றும் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்! மேலே மன்னன் ஒருவன் இருக்கும்போது, கீழே இருப்பவர்கள் பாதுகாப்புக்குத் தங்களுக்குள் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் என்ன பொருள்? மன்னன் காப்பான் என்ற நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். நம்பிக்கை போன அன்றே அரசு போய்விட்டது. மீதி நாட்கள் பெயருக்குத்தான்.

இரண்டாவது காரணம், அடுத்த வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைத்தது. 1160-களில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். ஒருவர் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் போனார். மற்றவர் சோழரிடம் வந்தார். இலங்கைப் படை வந்தது, சோழப் படை போனது. பாண்டிய நாடு போர்க்களமாயிற்று. சோழர் இன்று ஒருவரை ஆதரித்தார்கள். அவர் இலங்கையோடு சேர்ந்ததும் நாளை மற்றவரை ஆதரித்தார்கள். பல ஆண்டுகள் இப்படிப் பொருளும் உயிரும் கரைந்தன. கிடைத்தது என்ன? பாண்டியர் மனதில் ஆறாத வஞ்சம் ஒன்றுதான்.

மூன்றாவது காரணம்தான் என் நெஞ்சை அதிகம் தைப்பது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மூன்று உயிர்களின் விலை 110 காசு

1178-ல் மூன்றாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தான். கடைசியாக வந்த பெரிய சோழன் அவன். "மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய" என்று அவன் கல்வெட்டுகள் முழங்கும். கும்பகோணம் அருகே திரிபுவனத்தில் பெரும் கோயில் எழுப்பினான். வெளியே இருந்து பார்த்தால் பொற்காலம் திரும்பிவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் அதே ஆட்சியில், 1201-ஆம் ஆண்டில், சோழ நாட்டின் நெற்களஞ்சியத்துக்கு நடுவே, திருப்பாம்புரம் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு. பஞ்சம். உண்ண வழியில்லை. ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். காவிரி பாயும் மண்ணில், உழுது சோறு போடும் குடியில் பிறந்தவர், பட்டினிக்குப் பயந்து பெற்ற மகள்களையும் சேர்த்து விலை எழுதிக் கொடுத்தார்.

சகோதரர்களே, பேரரசின் வீழ்ச்சி என்பது கோட்டை மதில் இடிவது அல்ல. அது கடைசியில் நடப்பது. அந்தத் தந்தை பத்திரம் எழுதிய அன்று அது தொடங்கிவிட்டது. அரண்மனைக்கு அது கேட்டதா? கேட்டிருந்தால் அரசன் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? களஞ்சியத்தைத் திறந்திருக்க வேண்டும். அவன் திறந்தது போர் வாசலை. 1205-ஐ ஒட்டி மீண்டும் மதுரைக்குப் படையெடுத்தான். பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுதான்.

மண்டபத்தை இடித்தால் மன்னனை அவமானப்படுத்தலாம். மறக்க வைக்க முடியுமா?

பாண்டியன் எழுந்தான்

1216-ல் மாறவர்மன் சுந்தர பாண்டியன் மதுரையில் பட்டமேற்றான். இடிபட்ட மண்டபத்துக்குச் சொந்தக்காரனான மன்னனின் தம்பி அவன். படையோடு வடக்கே வந்தான். தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். முதிய குலோத்துங்கன் ஊரை விட்டு ஓடினான். சோழர் முடிசூடும் மண்டபத்திலேயே பாண்டியன் வீராபிஷேகம் செய்துகொண்டான். பிறகு ஹொய்சளர் குறுக்கிட்டதால் நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்தான். ஆனால் கப்பம் கட்டும் நாடாக.

அவனுடைய தாத்தா காலத்தில் சோழருக்குக் கப்பம் கட்டியவர்கள் பாண்டியர்கள். இப்போது சோழன் கட்டுகிறான். கப்பல் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டி ஒரு நாள் கப்பலில் ஏறும் என்று நம் கடற்கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்து வந்த மூன்றாம் இராசராசனுக்கு நிலைமை புரியவில்லை. படையில் பலமில்லை, கருவூலத்தில் பணமில்லை, சிற்றரசர்களிடம் மதிப்பில்லை. ஆனாலும் கப்பத்தை நிறுத்திவிட்டுப் பாண்டியன் மேல் பாய்ந்தான். தோற்று ஓடினான். ஓடும் வழியில் அவனைப் பிடித்தது யார்? பாண்டியன் அல்ல! காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். சோழரிடம் சேவகம் செய்து உயர்ந்த குடும்பத்தில் வந்தவன். 1231-ஐ ஒட்டி, தன் பேரரசனையே பிடித்து, உளுந்தூர்ப்பேட்டை அருகே உள்ள சேந்தமங்கலத்துக் கோட்டையில் சிறை வைத்தான். கங்கை கொண்டவனின் வாரிசு, கடாரம் கொண்டவனின் வாரிசு, தன் சிற்றரசனின் சிறையில்! ஹொய்சளத் தளபதிகள் இருவர், அப்பண்ணனும் சமுத்திர கொப்பய்யனும், வந்து மீட்டார்கள். அந்த விவரம் திருவேந்திபுரம் கல்வெட்டில் வரிவரியாக இருக்கிறது.

மீட்க வந்த ஹொய்சளர் சும்மா போனார்களா? ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் குடியேறிவிட்டார்கள். காவலுக்கு வந்தவன் திண்ணையில் படுத்தான். பிறகு கூடத்துக்கு வந்தான். பக்கத்து வீட்டுக்காரனைக் காவல் வைத்துக் குடும்பம் நடத்துகிறவன் கதி எப்போதும் இதுதான்.

1251-ல் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வந்தான். சோழனைக் கப்பம் கட்ட வைத்தான். கண்ணனூரில் ஹொய்சளரை முறியடித்தான். சேந்தமங்கலத்தைத் தாக்கினான். காஞ்சியைக் கைக்கொண்டான். நெல்லூரில் வீராபிஷேகம் செய்துகொண்டான். அவனுக்குப் பின் 1268-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1279-ல் அவன் மூன்றாம் இராசேந்திர சோழனையும் ஹொய்சள இராமநாதனையும் தோற்கடித்தான். அதற்குப் பிறகு சோழப் பேரரசனைப் பற்றிய செய்தியே கல்வெட்டுகளில் இல்லை. அழுவாரற்று, அறிவிப்பாரற்று, நானூற்று முப்பது ஆண்டு ஆட்சி முடிந்தது.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

இப்போது பாண்டியனின் காலம். இங்கேதான் நம் முன்னோரின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் காயல் துறைமுகம். 1290-களில் அங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதைப் பெரிய, சிறந்த பட்டினம் என்று எழுதினார். ஹோர்முஸ், கீஷ், ஏடன், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து நிற்கும் என்றார். போருக்குக் குதிரை வேண்டும். நம் மண்ணில் நல்ல போர்க்குதிரை விளையாது. அரபிக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கே தருகிறார். கீஷ் தீவின் மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். பாரசீக வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் செத்தாலும் பாண்டியன் கருவூலம் விலையைக் கொடுத்துவிடும்! வணிகப் பெருமக்களே, சரக்கு வந்து சேராவிட்டாலும் பணம் தரும் வாடிக்கையாளரை நீங்கள் பார்த்ததுண்டா?

அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராகவே இருந்தார். காயலும் மற்றத் துறைமுகங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. பாண்டியன் முஸ்லிம் அல்ல. அமைச்சர் முஸ்லிம். யாரும் யாரையும் வாளைக் காட்டி அமர்த்தவில்லை. நாணயம் அமர்த்தியது, திறமை அமர்த்தியது. நம்மில் பலர் பெயரோடு சேர்ந்து வரும் "ராவுத்தர்" என்ற சொல்லுக்கே குதிரை வீரர் என்றுதான் பொருள். மாலிக் காஃபூர் பிறப்பதற்கு முன்பே இந்தச் சமுதாயம் தமிழ் மண்ணில் தராசும் பிடித்தது, கடிவாளமும் பிடித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குதிரைகளில் பெரும்பகுதி சில மாதங்களில் செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. தீனி முறை சரியில்லை. மறு ஆண்டு மறுபடியும் வாங்கினார்கள். இதைப் பார்த்த மார்க்கோ போலோவே வியந்து எழுதினார். நாட்டின் செல்வம் கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்தது. வெளியே பார்ப்பவனுக்குக் கருவூலத்தில் கோடி கோடியாகப் பொன். உள்ளே ஓட்டை. இது ஒரு பேரரசின் குறை மட்டும் அல்ல. கணக்குப் பார்க்காத எந்தக் கடைக்கும் பொருந்தும்.

சகோதரர் சண்டை

சோழன் விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் பாண்டியர்கள். தங்கள் குடும்பச் சண்டையில் சோழன் புகுந்து நாட்டை நாசமாக்கியதை அனுபவித்தவர்கள். பாடம் படித்திருக்க வேண்டும் அல்லவா?

மார்க்கோ போலோ ஒரு செய்தி சொல்கிறார். அந்நாட்டை ஐந்து சகோதர மன்னர்கள் பங்கிட்டு ஆண்டார்கள். அடிக்கடி ஒருவர் மேல் ஒருவர் படையெடுக்கக் கிளம்புவார்கள். அப்போதெல்லாம் தாய் குறுக்கே வந்து நிற்பாள். நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று கத்தியை எடுப்பாள். பிள்ளைகள் அடங்குவார்கள். அந்தத் தாய் போன பிறகு இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்று அந்த வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்தார்.

அப்படியே நடந்தது. குலசேகரனுக்கு மகன்கள் இருவர், சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும். தந்தை வீர பாண்டியனுக்கு முன்னுரிமை தந்தார். 1310-ல் சுந்தர பாண்டியன் தந்தையைக் கொன்றான் என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். அண்ணன் தம்பி போர் மூண்டது. பாண்டியர் பலவீனப்பட்டதைப் பார்த்து ஹொய்சள மூன்றாம் வல்லாளன் தெற்கே படையோடு கிளம்பினான். அவன் நாடு காவலின்றிக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் தில்லியிலிருந்து மாலிக் காஃபூர் வந்தார்.

1311-ல் நடந்தது இதுதான். வீடு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. காஃபூர் வந்தார், யானைகளையும் குதிரைகளையும் பொன்னையும் அள்ளினார், போனார். நாட்டை ஆள ஆளைக்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகும் பாண்டியச் சகோதரர்கள் ஒன்று சேரவில்லை. 1312–13-ல் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் காஞ்சி வரை வந்தான். 1317-ல் காகதீயர் வந்தார்கள். 1323-ல் துக்ளக் படை வந்தது. 1335-ல் மதுரையில் தனிச் சுல்தான் ஆட்சி. அதுவும் 1378-ஐ ஒட்டி விஜயநகரத்திடம் முடிந்தது. அதன் கதையும் இதே கதைதான்.

இரண்டு சாட்சிகள்

இளைஞர்களே, இங்கே இரண்டு செய்திகளை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

காஃபூரின் படை வந்தபோது, வீர பாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்தார்கள். இதைச் சொல்பவர் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரூ. தமிழ் மன்னன் ஒருவனுக்காக ஆயுதம் ஏந்தி நின்ற முஸ்லிம்களைத் தில்லிப் படை இங்கேதான் சந்தித்தது. நாம் காஃபூரோடு வந்தவர்களா, காஃபூர் வரும்போதே இங்கே இருந்தவர்களா? பதில் அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. சில ஆண்டுகள் கழித்து தில்லியிலிருந்து குஸ்ரூ கான் என்ற தளபதி மாபார் என்று அரபியர் அழைத்த நம் கடற்கரைக்கு வந்தான். ஊரே ஓடியது. தகி என்ற பெரும் செல்வரான முஸ்லிம் வணிகர் மட்டும் ஓடவில்லை. வருவது முஸ்லிம் படை, நம்மை என்ன செய்துவிடும் என்று நம்பி இருந்தார். அவர் செல்வம் முழுவதையும் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றான் குஸ்ரூ கான். இதை எழுதியவர் தில்லி வரலாற்றாசிரியர் பரணி.

கொள்ளைக்கு வரும் படைக்கு மதம் இல்லை, சகோதரர்களே! அது தேடுவது பெட்டியை. ஆகவே எந்தப் படையெடுப்பையும் நம் பெருமை என்று தூக்கிச் சுமக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. அதே போல அதன் பழியைச் சுமக்க வேண்டிய கடமையும் இல்லை. நம் முன்னோர் அந்தப் படையில் வந்தவர்கள் அல்லர். அந்தப் படையிடம் பறிகொடுத்தவர்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முடிவாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, கீழே இருப்பவனின் பசி மேலே இருப்பவனின் காதுக்கு எட்டாத அன்று அமைப்பு சாகத் தொடங்குகிறது. இது சோழ அரசுக்கு மட்டுமா? ஜமாஅத்துக்கும் இதுதான், சங்கத்துக்கும் இதுதான், பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் இதுதான். நம் மஹல்லாவில் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கும் வீடு எது, கந்துவட்டியில் மூழ்கியிருக்கும் சின்ன வியாபாரி யார் என்று நமக்குத் தெரிகிறதா? தெரியாமல் மினாராவை மட்டும் உயர்த்திக்கொண்டு போனால், திருப்பாம்புரத்துத் தந்தையை மறந்து திரிபுவனத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இரண்டு, ஒரே ஒரு வாசலை நம்பாதீர்கள். காயல் வணிகர்கள் ஓர் அரண்மனையின் தயவை நம்பினார்கள். செத்த குதிரைக்கும் பணம் தந்த அரண்மனை, தன் வீட்டுச் சண்டையில் மூழ்கியதும் வணிகம் ஆட்டம் கண்டது. இது உங்களுக்குப் புதிதா? 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. நம் தேயிலையை அள்ளி அள்ளி வாங்கிய நாடு அது. அடுத்த சில ஆண்டுகளில், தொண்ணூறுகளின் இறுதியில், இந்த மலையில் பச்சைத் தேயிலைக்கு விலையில்லாமல் சிறு விவசாயிகள் பட்ட பாட்டை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். எங்கோ ஒரு பேரரசு விழுந்தது. இங்கே காந்தல் கடைத்தெருவிலும் வியாபாரம் படுத்தது. வியாபாரத்தில் ஒரே வாடிக்கையாளர் ஆபத்து. அரசியலில் ஒரே தலைவரின் தயவு ஆபத்து.

மூன்று, நம் சண்டைக்கு வெளியாளை நடுவராக அழைக்காதீர்கள். பாண்டியர் சோழனை அழைத்தார்கள், சோழர் ஹொய்சளனை அழைத்தார்கள். அழைத்தவர் யாரும் மிஞ்சவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத் தகராறு என்றால் உடனே காவல் நிலையம், நீதிமன்றம் என்று ஓடுகிறோம். வழக்கு முடிவதற்குள் வக்பு சொத்து கரைந்துவிடுகிறது. குறுக்கே நின்று கத்தியைக் காட்டும் அந்தத் தாயைப் போன்ற பெரியவர்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும். இருக்கும்போதே அவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும்.

நான்கு, இளைஞர்களுக்கு மட்டும். படியுங்கள். கல்வெட்டைப் படியுங்கள், செப்பேட்டைப் படியுங்கள், வரலாற்றுத் துறையில் பட்டம் பெறுங்கள். பொறியியலும் மருத்துவமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் முன்னோரின் முகவரி கல்லில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? "எப்போது வந்தீர்கள்?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். குரலை உயர்த்தாதீர்கள். திருச்சிக் கல் பள்ளிவாசலைச் சொல்லுங்கள். கொல்லம் செப்பேட்டைச் சொல்லுங்கள். தஞ்சைக் கோயில் சுவரில் இருக்கும் சோனகனைச் சொல்லுங்கள். பாண்டியனின் அமைச்சரைச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு தேநீரும் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

பள்ளிவாசலும், குருசடியும், காசி விசுவநாதர் கோயிலும் ஒரே பகுதியில் இருக்கும் ஊர் இந்தக் காந்தல். இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு, அடுத்தவரோடு எப்படி வாழ்வது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சோழன் போனான், பாண்டியன் போனான், ஹொய்சளன் போனான், சுல்தான் போனான், வெள்ளைக்காரனும் போனான். அளவு குறையாமல் நிறுத்துக் கொடுத்தவனும், அவனை நம்பி வாங்கியவனும், அவர்கள் பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அந்த நாணயத்தைக் காப்போம். வல்ல இறைவன் அதற்குத் துணை புரிவானாக! வஸ்ஸலாம்.